இடது புருவம்

முருகன்குறிச்சி திருப்பத்தில் ஆட்டோ குலுங்கியபோது செண்பகவல்லிக்குப் பசித்தது. எதையாவது கொறித்தால் அடங்கிவிடுகிற பசி இல்லை. பந்தியில் இலையைப் போட்டுவிட்டுச் சோறு கொண்டுவராமல் போனால் வருமே, அந்தக் கோபத்தோடு கூடிய பசி. முந்தாநாள் காலையில் குளியலறையில் வாளி உருண்ட சத்தம் கேட்டு ஓடிப் போய், ஈரத்தரையில் ஒருக்களித்துக் கிடந்த புருஷனைத் தூக்க முடியாமல் தூக்கினாளே, அப்போதிலிருந்து ஆஸ்பத்திரி காபியைத் தவிர வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை. அதற்காக இப்போதா பசிக்க வேண்டும்? வெட்கங்கெட்ட வயிறு. அதற்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. செய்தி என்ன என்பதே இன்னும் முடிவாகவில்லை, பாவம் வயிறு என்ன செய்யும். காலையில் டாக்டர், தாடி கூடச் சரியாக முளைக்காத பிள்ளை, கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னார். "மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்கும்மா. மூளை வேலை செய்யலை. முதல் பரிசோதனை முடிச்சிட்டோம். ஆறு மணி நேரம் கழிச்சு மறுபடி பார்ப்போம். அப்பவும் இப்படியேன்னா…" இழுத்தார். அவளுக்கு இழுத்தால் பிடிக்காது. "இப்படியேன்னா?" "மூளைச்சாவுன்னு அறிவிச்சிடுவோம்." "அப்போ இப்போ அவர் என்ன?" அந்தப் பிள்ளை கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "வீட்டுக்குப் போய்க் குளிச்சு, ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாங்கம்மா" என்றார். பக்கத்தில் பச்சைக் கோட் போட்ட பெண் ஒருத்தி பூனை மாதிரி வந்து நின்றாள். சிறுநீரகம், கல்லீரல், கண் என்று மெதுவாக ஆரம்பித்தாள்; அம்மா சம்மதித்தால் நாலைந்து பேர் பிழைப்பார்களாம். "ஆள் செத்தாச்சா இல்லையான்னு முதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்க. பாகப்பிரிவினையைப் பிறகு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். சொன்ன பிறகு அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது இப்போது ஆட்டோவின் முன்கண்ணாடியில் தெரிந்துகொண்டே வந்தது.

கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்தான். போகச் சொன்னார்கள், போகவில்லை. கண்ணில் டார்ச் அடித்தார்கள். பஞ்சை முறுக்கிக் கருவிழியைத் தொட்டார்கள். காதுக்குள் ஐஸ் தண்ணீர் விட்டார்கள். மார்கழியில் வெந்நீர் அரை வாளி குறைந்தால் வீட்டை இரண்டாக்குகிற மனுஷன், காதுக்குள் ஐஸ் தண்ணீரை வாங்கிக்கொண்டு பேசாமல் கிடந்தார். பிறகு அந்த டாக்டர் கட்டைவிரலால் புருவ எலும்பை அழுத்தினார், மாம்பழம் பழுத்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. இடது புருவம். அங்கேதான் செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டதைப் பார்த்த நர்ஸ், அவள் அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்தப் புருவத்தின் சங்கதி நர்ஸுக்கு எப்படித் தெரியும்? கல்யாணத்துக்கு மறுவீட்டுச் சாப்பாட்டில், தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியும் பரிமாறிக்கொண்டிருந்த நேரத்தில், புது மாப்பிள்ளையின் காதில் புதுப்பெண் சொன்ன முதல் ரகசியம் என்ன தெரியுமா? "உங்க அக்கா ஏன் எங்க வீட்டுச் சீர்ப் பாத்திரத்தையெல்லாம் சுண்டிச் சுண்டிப் பாக்காவ? பித்தளையா தகரமான்னு கேட்டா நானே சொல்லியிருப்பேனே." மாப்பிள்ளை இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இடது புருவம் மட்டும் மேலே ஏறியது, லெவல் கிராஸிங்கில் கட்டை தூக்குகிற மாதிரி, மெதுவாக, நெற்றியின் பாதி வரை. அவ்வளவுதான், எச்சரிக்கை முடிந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அவள் அந்த அக்காவைப் பற்றி, ஆவுடையம்மாள் மைனியைப் பற்றி, ஒரு சொல் எடுத்தால் போதும், அந்தப் புருவம் ஏறும். பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும் ஏறும். வாயில் பல்துலக்கும் பிரஷ் இருந்தாலும் ஏறும். தூக்கத்தில் கூட ஏறும். எத்தனை ராத்திரி விளையாட்டுக்காகச் சோதித்துப் பார்த்திருக்கிறாள், குறட்டை நிற்காது, புருவம் மட்டும் எழுந்து நின்று 'போதும்ட்டி' என்னும். டாக்டர் அழுத்தின இடம் சரி. கேட்ட கேள்விதான் தப்பு.

சரியான கேள்வி தெரிந்தவள் ஏன் கேட்கவில்லை? அதுதான் ஆட்டோவுக்குள் அவளோடு ஏறி உட்கார்ந்து இடித்துக்கொண்டே வந்தது. உள்ளே விட்டார்கள், காதோரம் குனிந்தாள், மூக்குக்கும் வாய்க்கும் குழாய், நெஞ்சு ஏறியது, இறங்கியது, பாதம் தொட்டால் சூடு, வெளியே பிணமென்று சொன்னால் யாரும் நம்பாத சூடு. உதடு வரைக்கும் வந்தது மைனியைப் பற்றி ஒரு வாக்கியம். சொல்லவில்லை. "ஏங்க, அகிலா வாரா" என்று மட்டும் சொன்னாள். புருவம் ஏறிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். இத்தனை டாக்டர்களும் போய்விட்டார் என்கிறபோது இது ஒன்று மட்டும் எழுந்து நின்றால் அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் வழக்காடுவது? ஏறாவிட்டால் என்கிற பயத்துக்குப் பெயர் வைக்க அவளுக்குத் துணிவில்லை. மகள் அகிலா இப்போது மேகத்துக்கு மேலே எங்கேயோ இருப்பாள், டெல்லியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து தூத்துக்குடி, போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு. அவளிடம் "அப்பாவுக்கு சீரியஸ்" என்றுதான் சொல்லியிருக்கிறது. விமானம் இறங்குகிற வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு அப்பா சீரியஸ், அவ்வளவுதான். கீழே பூமியில் யார் என்ன சோதித்தாலும் அந்த உயரத்துக்கு எட்டாது. விமானம் இறங்காமலே சுற்றிக்கொண்டிருந்தால்? எண்ணெய் தீராமல், பகல் தீராமல், ஜன்னலோரம் வெள்ளையாக மேகம் போய்க்கொண்டே, அவர் சீரியஸாகவே இருந்துகொண்டே. அம்மா நீ என்ன நினைக்கிறாயோ அதுதான் என்று நேற்று ராத்திரி போனில் அழுதாள். நான் என்ன நினைக்கிறேன்? எனக்குப் பசிக்கிறது, அதைத்தான் நினைக்கிறேன்.

தெருமுனையில் ஆட்டோ திரும்பியது, அங்கே அவர் நின்றுகொண்டிருந்தார். செண்பகவல்லிக்கு ஒரு கணம் அது இயல்பாகவே பட்டது. பால் வாங்க வந்திருப்பார், அல்லது டிரான்ஸ்பார்மரைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார், மின்வாரியத்து இன்ஜினியருக்கு வேறென்ன பொழுதுபோக்கு. பிறகுதான் அவர் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கிறார் என்பதும், இடுப்புக்குக் கீழே எழுத்து இருக்கிறது என்பதும் மூளையில் ஏறின. கண்ணீர் அஞ்சலி. தோற்றம் ஒரு தேதி, மறைவு இன்றைய தேதி. 'எங்கள் குடும்பத்தின் அணையா விளக்கு.' இரண்டு பேர் கம்பத்தில் மூன்றாவது கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், நாலாவது மூலை காற்றில் படபடத்தது, படபடக்கும்போதெல்லாம் அவர் தோள் அசைந்தது. படம் அகிலா கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் நின்ற அவளை வெட்டியிருக்கிறார்கள், ஆனால் சரியாக வெட்டவில்லை. ஓரத்தில் அரக்குப் பட்டு ஜாக்கெட்டோடு ஒரு முழங்கை மட்டும் மிச்சம், அவளுடைய முழங்கை, அஞ்சலிக்குள் யாரும் அழைக்காமல் நுழைந்த விருந்தாளி மாதிரி. ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். "யாருய்யா இதைக் கட்டச் சொன்னது?" கயிறு கட்டுகிறவன் அவளைப் பார்த்துவிட்டு ஏணியிலேயே பாதி செத்துவிட்டான். "குற்றாலிங்கம் அண்ணாச்சிதான் அக்கா. காலையிலயே போன் போட்டு, அர்ஜென்ட்னு…" "அவர் இன்னும் சாகலை. இறக்கு." "அக்கா, அண்ணாச்சி சொன்னாவ…" "சாகிறதுக்கு அண்ணாச்சியா தேதி குறிக்காவ? இறக்குய்யா கீழே!" மூலைக்கடையில் தேங்காய் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் அவசரமாக முகத்தில் துக்கத்தைக் கொண்டுவந்து, அது தேவையா இல்லையா என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினாள். அந்தப் பாதி முகத்தை செண்பகவல்லி வெகுநேரம் மறக்கவில்லை. அவர்களே சுருட்டி ஆட்டோவில் வைத்தார்கள். புது மை வாசனை, பிளாஸ்டிக் வாசனை. மடியில் குறுக்காகக் கிடந்தது சுருள், தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற கனம்.

வாசலில் ஆவுடையம்மாள் மைனி நின்றாள். செண்பகவல்லியின் கணவர் தாணுமூர்த்தியின் அக்கா, சின்ன வயசிலேயே தாயில்லாமல் போன தம்பிக்குச் சோறு பிசைந்து போட்டு வளர்த்தவள், அதை ஊர் மறந்துவிடாமலும் பார்த்துக்கொண்டவள். உள்ளே அவள் வீட்டுக்காரர் குற்றாலிங்கம் அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து, எந்தக் கல்யாணத்துக்கும் எந்தக் கருமாதிக்கும் அரைநாள் முன்னாலேயே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிடுகிற அந்தப் பெருமையோடு, சாமியானாக்காரனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். செண்பகவல்லி சுருளைக் கொண்டுபோய் ஹால் மூலையில் சாத்தினாள். அண்ணாச்சி போனை வைத்தார். "ஏம்மா, இதை ஏன் கழத்துன? மூளைச்சாவுன்னு டாக்டர் வாயாலதான சொன்னாரு? சாவுன்னு அதுலயே இருக்குல்லா?" "சாயங்காலம்தான் அண்ணாச்சி சொல்லுவாங்க." "அது அவங்க முறைக்குச் சொல்லுதது. நாலு பேருக்குத் தெரியணும்லா. ஒண்ணு சொல்லணும், அந்த முழங்கை மட்டும் தப்பா விழுந்துட்டு. வேற அடிக்கச் சொல்லியிருக்கேன்." முழங்கைதான் தப்பாம். மற்றதெல்லாம் சரியாம். மைனி சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். "மத்தியானம் வரைக்கும் ரேவதி. ரேவதியில போனா அடைப்பு, ஆறு மாசம் அந்த ரூமை அடைச்சுப் போடணும். மத்தியானத்துக்கு மேல அசுவதி வந்துரும், தோஷம் கிடையாது. டாக்டர்ட்ட சொல்லி மத்தியானத்துக்கு மேலன்னு நேரம் போடச் சொல்லணும்" என்றாள், ரயிலில் கீழ் பெர்த் கேட்கிற குரலில். செண்பகவல்லி கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். "அண்ணாச்சி பேனர்ல காலையிலயே கொன்னுட்டாவ. நீங்க மத்தியானத்துக்கு மேல சாகணும்ங்கியோ. ஆஸ்பத்திரியில சாயங்காலம்தான் முடியும்ங்காங்க. மூணு பேரும் உக்காந்து பேசி எந்த நேரம்னு சொல்லுங்க, நான் குளிச்சுட்டு வாரேன்." குளியலறையில் அந்த வாளி இருந்தது. யாரோ நிமிர்த்தி வைத்திருந்தார்கள். சோப்பில் அவர் முடி ஒன்று, வெள்ளை, வளைந்து ஒட்டியிருந்தது. அதைத் தேய்க்காமல் சோப்பின் மறுபக்கத்தால் குளித்தாள்.

அடுக்களையில் மாவு பாத்திரத்தை மீறிப் பொங்கியிருந்தது. முந்தாநாளுக்கு முந்தின ராத்திரி அரைத்து வைத்தது, மறுநாள் காலையில் அவருக்குத் தோசை என்று. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. மூடியைத் தூக்கிக்கொண்டு, விளிம்பு வழிந்து, மேடையில் சிறு குளம் கட்டி, மேலே குமிழி வந்து வந்து உடைந்துகொண்டிருந்தது. என்ன ஒரு அவசரம் அதற்கு. யாரும் இல்லாத வீட்டில், யாரும் கேட்காமல், பொங்குவதற்கென்றே உட்கார்ந்து பொங்கியிருக்கிறது. சோடா உப்பு போடாமல் இவ்வளவு புளிக்குமா? புளித்திருக்கிறது. அவள் தோசைக்கல்லை எடுத்து அடுப்பில் வைத்து லைட்டரைக் கையில் எடுத்தபோது மைனி வாசற்படியில் வந்து நின்றாள். "அடுப்பு பத்தவைக்காத செண்பகம்." "ஏன்?" "ஏன்னு கேக்கா பாரு. கான்வென்ட்ல இதெல்லாம் சொல்லிக்குடுக்கலையோ? துக்க வீட்டுல அடுப்பெரியலாமா? எதிர்வீட்டு அம்மா சோறு கொண்டுவருதேன்னு சொல்லியிருக்காவ." எதிர்வீட்டிலும் செய்தி போயாகிவிட்டது, அங்கே சாவுக்கான சோறு உலையில் கொதித்துக்கொண்டிருக்கிறது. லைட்டர் கையிலேயே இருந்தது. பற்ற வைத்தால் அவர் உயிரோடு இருக்கிறார். வைக்காவிட்டால் இல்லை. இவ்வளவு லேசான சோதனையா? டார்ச்சும் வேண்டாம், ஐஸ் தண்ணீரும் வேண்டாம், நீல நெருப்பு ஒரு வட்டம் வந்தால் போதுமா? "மைனி, உங்க தம்பி ஆஸ்பத்திரியில சூடா கிடக்காரு. காலைத் தொட்டுப் பாத்தியளா?" "தொட்டுப் பாத்தேன்" என்றாள் மைனி, யாருக்கோ சொல்வது போல. செண்பகவல்லி பற்ற வைத்தாள். முதல் தோசை ஒட்டிக்கொண்டது. இரண்டாவதை நின்றுகொண்டே தின்றாள், மிளகாய்ப் பொடி கூட வைக்காமல், கையால் பிய்த்து, உதடு சுட. மூன்றாவதைத் தட்டில் போட்டு நீட்டினாள். வேண்டாம் என்கிற மாதிரி மைனி முகத்தைத் திருப்பினாள், திருப்பியபடியே கையை நீட்டி வாங்கினாள், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவாக்கில் தின்றாள். "புளிப்பு கூட" என்றாள். அதைச் சொல்லாவிட்டால் அவள் மைனி இல்லை.

தின்ற களைப்பில் அறைக்குள் வெறுந்தரையில் படுத்தாள். குளிர்ந்த தரை கன்னத்தில் பட்டதும் ஆஸ்பத்திரி சத்தம் திரும்பி வந்தது, அந்த மெஷின் மூச்சு, உஸ் என்று ஒரு தள்ளல், பிறகு ஒரு சொடுக்கு, பிறகு இறக்கம். மேலே மின்விசிறி சுற்றியது. வெளியே மத்தியானம் ரேவதியிலிருந்து அசுவதிக்குச் சத்தமில்லாமல் மாறிக்கொண்டிருக்கும். இப்படி ஒரு மின்விசிறிக்குக் கீழேதான் அன்றைக்கு இறந்துபோன மதர் பெர்ணதெத் படுத்திருந்தார், கான்வென்ட் பள்ளிக்கூடத்து ஹாலில், வெள்ளை வெள்ளையாகப் பூவுக்கு நடுவே. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நடந்து பார்த்தார்கள். முகத்திரையின் ஓரம் அசைந்தது. செண்பகவல்லி நின்றுவிட்டாள். "சிஸ்டர், மதர் மூச்சு விடுறாங்க!" என்று கத்தினாள், ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, இங்கிலீஷை மறந்து தமிழிலேயே. கையில் ஒரு கிள்ளு விழுந்தது. "அது ஃபேன்" என்றார் சிஸ்டர். அது ஃபேன். பிறகு நீதிபோதனை வகுப்பில் ஆன்மா எந்த நிமிஷத்தில் பிரியும், பிரிந்ததை யார் பார்த்துச் சொல்வார்கள் என்று கேட்டதற்கு முழங்காலில் நிற்க வைத்தார்கள், வராந்தா சிமெண்டில், கன்றிப்போகிற வரை. இன்றைக்கு அதே கேள்விக்கு ஆறு மணி நேரம் நிற்க வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம், படிப்பு ஒன்றும் கூடவில்லை. திடீரென்று மின்சாரம் போனது. விசிறி நிற்கவில்லை, போன பிறகும் அது பாட்டுக்குச் சுற்றியது, முதலில் அதே வேகம் மாதிரி, பிறகு இறக்கை இறக்கையாகக் கண்ணுக்குப் பிரிந்து. அவர் இப்படித்தானோ என்று தோன்றியது, தோன்றிய உடனே எரிச்சலாக வந்தது. இல்லை. இது தானாகச் சுற்றி அடங்குகிறது. அங்கே யாரோ பக்கத்தில் நின்று ஒரு கம்பால் விசிறியைத் தள்ளித் தள்ளி விடுகிறார்கள், தள்ளுகிற கை எடுத்தால் தெரியும். கண் செருகியது. அவர் கம்பத்தின் கீழே நின்று மேலே இருக்கிற ஆளிடம் கத்திக்கொண்டிருந்தார், "கரண்டு இல்ல, லைன் செத்தாச்சுன்னு எவன் சொன்னாலும் நம்பாதல! நீயே தொட்டுப் பாரு! ரெண்டு தடவை பாரு!" வீட்டிலும் சாப்பிடும்போது இதையே சொல்வார், கரண்டை நிறுத்த லைன் கிளியர் வாங்கினவன் எவனோ அவன்தான் திருப்பிக் கொடுக்கணும்ட்டி, ஆபீசரே வந்து சொன்னாலும் வேற எவன் பேச்சையும் கேட்டு சுவிட்சைத் தொடக் கூடாது, தொட்டா மேல இருக்கவன் உசிரு போயிரும். கனவில் கம்பத்தின் மேலே இருந்தது அவள்தான். கையில் கயிற்றின் நாலாவது முனை. கீழே சொதி வாசனை வந்தது. ஏங்க, என்றாள். 'ம்' என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், தெளிவாக, பக்கத்து அறையிலிருந்து. எழுந்து உட்கார்ந்தாள். மின்சாரம் வந்திருந்தது. பக்கத்து அறையில் மைனி தம்பியின் துவைத்த சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள், காலரை இழுத்து, பட்டனைப் போட்டு, நாளைக்கு ஆபீசுக்குப் போட்டுக்கொள்ளத் தோதாக.

சாயங்காலம் மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கண்ணாடிக்கு உள்ளே வெள்ளைக் கோட்டுகள் நாலு, காலையில் வராத ஒரு பெரிய டாக்டரும் சேர்த்து. இந்தத் தடவை அவள் பார்க்கவில்லை, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த பூந்தோட்டப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கடைசியாக மெஷின் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு நெஞ்சு தானாக ஏறுகிறதா என்று பார்ப்பார்கள் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். உஸ்ஸும் சொடுக்கும் நின்றன. படத்தில் ஒரு பாலம், கீழே தண்ணீர், தண்ணீரில் பாலத்தின் நிழல். அவளும் மூச்சை நிறுத்தினாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, காது அடைத்தது, படத்தில் தண்ணீர் ஓடுவது மாதிரி இருந்தது, முடியாமல் அவள் மூச்சை இழுத்துவிட்டாள், வெட்கமாக இருந்தது, தோற்றுப்போன மாதிரி. உள்ளே இன்னும் சத்தமில்லை. பிறகு சொடுக்கு மறுபடி கேட்டது. சின்ன டாக்டர் வெளியே வந்தார். காலையில் இழுத்த வாக்கியத்தை இப்போது இழுக்காமல் முடித்தார். அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பச்சைக் கோட் பெண் இந்தத் தடவை தள்ளியே நின்றாள். "நான் ஒரு நிமிஷம் பாக்கணும்" என்றாள் செண்பகவல்லி. "மைனியும் வரட்டும்."

உள்ளே குளிர். அவர் நெஞ்சு ஏறியது, இறங்கியது. பாதத்தில் அதே சூடு. அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, நெற்றியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி ஓரத்தைச் சரிசெய்து, காதோரம் குனிந்தாள். மைனி கால்மாட்டில் நின்றாள், போகச் சொல்ல முடியாது, சொல்லவும் தோன்றவில்லை. கேட்டாலும் கேட்கட்டும். "ஏங்க" என்றாள். "உங்க அக்கா வைக்கிற சொதியை மாடு குடிக்காது, தெரியுமா உங்களுக்கு? தேங்காப்பாலா அது? அரிசி கழுவுன தண்ணி." கால்மாட்டில் ஒரு சேலைச் சரசரப்பு. உஸ், சொடுக்கு. "எங்க வீட்டுச் சீர்ப் பாத்திரத்தைச் சுண்டிச் சுண்டிப் பாத்தாவளே, அதுல ரெண்டு பாத்திரம் இப்பவும் அவுக வீட்டு அட்டத்துப் பரண்லதான் கிடக்கு. கேட்டேனா? நான் கேட்டேனா? பிள்ளை பிறந்தப்போ வந்து மூக்கு சப்பைன்னுட்டுப் போனாவ. நேத்து காலண்டரைப் பாத்து உங்களை எத்தனை மணிக்குச் சாகச் சொல்லலாம்னு…" நேற்று இல்லை, இன்றைக்கு. நாள் குழம்பியது, நிறுத்தினாள். புருவம் கிடந்தது. காலையில் டாக்டர் அழுத்திய இடத்தில் லேசாகச் சிவந்து, வாரிவிட்ட மாதிரி படிந்து, யாருடைய புருவமோ போலக் கிடந்தது. "ஏன்ட்டி நிப்பாட்டுத?" என்றாள் மைனி. செண்பகவல்லி நிமிரவில்லை. "திட்டுட்டி. இன்னும் சத்தமாத் திட்டு. நீ என்னையப் பேசுததெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? எதிர்ல உக்காந்து அவன் புருவத்துலதான நான் வாசிப்பேன். திட்டு. என் சொதியை இன்னும் நல்லாத் திட்டு." செண்பகவல்லி திட்டினாள். குரலை உயர்த்தினாள், நர்ஸ் திரும்பிப் பார்த்தாள், பார்க்கட்டும். மைனியின் நடையை, மைனியின் நகையை, மைனி சாமி கும்பிடுகிற அழகை, தம்பியை மடியிலேயே வைத்துக்கொண்டு இன்னொருத்தியிடம் கொடுத்தது போல நடித்ததை, இத்தனை வருஷமாக முணுமுணுப்பாகவே வைத்திருந்ததையெல்லாம் முழு வாக்கியமாகச் சொன்னாள். பொய்யும் சேர்த்துச் சொன்னாள். சொல்ல இனி ஒன்றும் இல்லை என்றான பிறகு, கடைசியாக மிச்சமிருந்த ஒன்றையும் சொன்னாள். "தாயில்லாப் பிள்ளைன்னு சொல்லிச் சொல்லியே உங்களை வளத்தது, நீங்க அழுது பாக்கணும்ங்கிற ஆசையில." அது அநியாயம். அவளுக்கே தெரியும். தலையைத் தூக்கினாள். ஒரு புருவம் ஏறியிருந்தது, இடது புருவம், மெதுவாக, நெற்றியின் பாதி வரை. மைனியின் புருவம். அதே வளைவு, அதே கட்டை தூக்கல். இத்தனை வருஷம் அந்த முகத்தை நேராகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கீழே, தலையணையில், அவருடையது அசையாமல் கிடந்தது. உஸ், சொடுக்கு, இறக்கம். அது ஃபேன், என்றது யாருடைய குரலோ. "போதும்ட்டி" என்றாள் மைனி. இரண்டு பேரும் ஆளுக்கொரு பாதத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்கள்.

வெளியே வந்தபோது அண்ணாச்சி போனைக் காதில் வைத்திருந்தார், செண்பகவல்லியைப் பார்த்ததும் இறக்கினார். பச்சைக் கோட் பெண்ணிடம் முதலில் போனாள். "காலையில கொஞ்சம் கூடப் பேசிட்டேன். எதெது உதவுமோ எடுத்துக்கோங்கம்மா. அவர் போயிட்டாரு." வாயிலிருந்து அந்த வார்த்தை வந்த பிறகுதான் அது நடந்தது போல வராந்தா முழுக்க ஒரு கணம் நின்றது, தூரத்தில் ஸ்ட்ரெச்சர் சக்கரம், யாரோ சிரித்தது, எல்லாம். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அகிலா இறங்குனதும் நான்தான் சொல்லுவேன். வேற யாரும் அவளுக்குப் போன் பண்ணக் கூடாது, நீங்களும்தான் அண்ணாச்சி." அண்ணாச்சி தலையை ஆட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளே சொன்னாள். "வீட்டுல ஹால் மூலையில அந்த பேனர் இருக்கு. இப்பக் கட்டச் சொல்லுங்க." "புதுசா ஒண்ணு அடிக்கச் சொல்லியிருக்கேன்மா, அந்த முழங்கை…" "வேண்டாம்" என்றாள் செண்பகவல்லி. "அதையே கட்டுங்க. முழங்கை அங்கயே இருக்கட்டும்."